கொல்லைப்புறத்தில் நாட்டுக்கோழி: கூடு அமைப்பதிலிருந்து முதல் அடைக்குஞ்சுகள் தேறும் வரை

எங்கள் வீட்டின் பின்புறம் உள்ள இடம் ஏறக்குறைய ஒன்றரை சென்ட். ஒரு முருங்கை, துவைகல், தண்ணீர்த் தொட்டி போக எஞ்சிய இடத்தில் ஏழெட்டுக் கோழிகள் எப்போதும் இருக்கின்றன. இதைப் பார்த்துத் தாங்களும் வளர்க்கத் தொடங்கிய உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள்: கோழியை முதலில் வாங்கிவிட்டு, கூட்டையும் தடுப்பூசியையும் பற்றிப் பிறகு யோசித்தார்கள். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்தால், கூடு கட்டும் நாளிலிருந்து முதல் அடைக்குஞ்சுகள் தாயை விட்டுப் பிரியும் நாள் வரை ஐந்து மாதங்கள் பிடிக்கும். அதைக் குறுக்க முயன்ற எவருக்கும் லாபம் கிடைத்ததாக நான் பார்க்கவில்லை.

1. கோழி வருவதற்கு முன் வீட்டில் பேசி முடிக்க வேண்டியவை

இருட்டத் தொடங்கியதும் கோழிகள் தாமாகவே கூடடைந்துவிடும். ஆனால் கதவைத் தாமாகச் சாத்திக்கொள்வதில்லை. மாலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் கோழிகளை எண்ணிப் பார்த்துக் கதவுக்குக் கொண்டி போடும் ஒருவர் வீட்டில் தினமும் இருக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் எட்டு மணிக்கு மேல் வேலையிலிருந்து திரும்பும் வீடாக இருந்தால், அந்தப் பொறுப்பு பாட்டிக்கா, பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். "யாராவது சாத்துவார்கள்" என்று விட்ட வீட்டில் ஓர் இரவு போதும். மரநாய் ஒன்றைத் தின்பதற்கு ஐந்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும்.

அடுத்தது ஊருக்குப் போகும் நாட்கள். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும் வழக்கம் உள்ளவர்கள், தண்ணீர் வைத்துக் கூட்டைத் திறந்து மூட ஒப்புக்கொள்ளும் ஒரு பக்கத்து வீட்டைக் கண்டுபிடித்த பிறகே கோழி வாங்க வேண்டும். பத்து முட்டைகளை அவர்களுக்குக் கொடுத்துவிடுவது நியாயமான கூலி.

சேவல் அதிகாலை 4 மணிக்கே கூவும். மதிலுக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டாரின் படுக்கையறை இருந்தால், சேவல் இல்லாமல் பெட்டைகளை மட்டும் வளர்த்து, அடைக்கு வேண்டிய கருமுட்டைகளைத் தெரிந்தவர்களிடம் வாங்கி வைக்கலாம். சேவல் இல்லாவிட்டாலும் பெட்டை முட்டையிடும். அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான்.

இறுதியாக, பெரியவர்கள் தள்ளிப்போடும் பேச்சு ஒன்று உண்டு. பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழ பாதி சேவலாகத்தான் இருக்கும், அத்தனையையும் வைத்துக்கொள்ள முடியாது. அவற்றை விற்பதா, வீட்டிலேயே அறுப்பதா, குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்டதைத் தனியாக வளர்ப்பதா என்பதைக் குழந்தைகளுக்கும் தெரியும்படி தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பெயர் வைத்து மடியில் தூக்கி வளர்த்த சேவல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காணாமல் போய், மதியம் இலையில் குழம்பாக வந்ததை எங்கள் இளைய மகள் இரண்டு ஆண்டுகள் மன்னிக்கவில்லை. அதன் பிறகு, பெட்டைகளுக்குப் பெயர் வைக்கலாம், சேவல்களுக்கு வைக்கக் கூடாது என்று வீட்டில் ஒரு விதி உண்டாயிற்று.

கோழியைத் தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதையும், குஞ்சை முகத்தோடு வைத்துக் கொஞ்சக் கூடாது என்பதையும் முதல் நாளிலிருந்தே பழக்குங்கள். நலமாகத் தெரியும் கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அது கடுமையாகத் தாக்கும்.

2. கூடு

ஆறு பெட்டைகளும் ஒரு சேவலும் இரவு தங்குவதற்கு 4 அடி நீளமும் 3 அடி அகலமும் போதும். பகலில் வெளியே மேயாமல் கூட்டிலேயே இருக்கப் போகின்றன என்றால் இந்த அளவு போதாது. அந்த நிலையில் எண்ணிக்கையைக் குறைப்பதே நல்லது. நீளவாக்கு கிழக்கு மேற்காக அமையட்டும். அப்போதுதான் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டும் விழும்.

கூட்டின் தளம் தரையிலிருந்து 2 அடி உயரத்தில் இருக்க வேண்டும். தளத்தை ரீப்பர் கட்டைகளால் சிறு இடைவெளி விட்டு அமைத்தால் எச்சம் கீழே விழுந்துவிடும். கீழே உமியோ மரத்தூளோ பரப்பி வைத்து வாரம் ஒருமுறை வாரி, மட்கவிட்டு முருங்கைக்குப் போடலாம். எச்சத்தின் மேலேயே படுக்கும் கோழிக்குச் சளியும் கால்புண்ணும் விடாது. கூட்டுக்குள் குனிந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் அதன் கண்ணும் எரிகிறது என்று பொருள்.

பக்கங்களுக்கு அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலையையே கேட்டு வாங்குங்கள். வேலிக்குப் பயன்படும் பெரிய கண் வலை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள் பலர். அது கோழியை உள்ளே வைத்திருக்கும். கீரியையும் பெருச்சாளியையும் பாம்பையும் வெளியே வைத்திருக்காது. வலைக்கு அருகில் உறங்கும் கோழியின் காலை வெளியிலிருந்தே இழுத்துக் கடித்த கீரியை நான் பார்த்திருக்கிறேன்.

தகரக் கூரை என்றால் அதன் மேல் தென்னங்கீற்று வேய வேண்டும். மழைக்காலத்தில் நான்கு பக்கமும் சாக்குப் போட்டு மூடிவிடாமல், சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும் மறையுங்கள். காற்றோட்டம் நின்றால் ஈரம் உள்ளேயே தங்கும். கோழிகள் ஏறி உறங்க, உள்ளே இரண்டு அங்குலத் தடிமனுள்ள உருட்டுக்கம்பு ஒன்றைக் குறுக்கே கட்டுங்கள். முட்டையிட, ஓரடி நீள அகலத்தில் வைக்கோல் போட்ட இரண்டு பெட்டிகளைக் கூட்டின் இருண்ட மூலையில் வையுங்கள்.

கூட்டின் கால்களை எண்ணெய் கலந்த நீர் ஊற்றிய டப்பாக்களில் நிறுத்துங்கள். இது எறும்புக்காக. இதன் அருமை எட்டாவது படியில் விளங்கும்.

3. கையில் இருக்க வேண்டிய பொருட்கள்

பஞ்சாரம் (கோழியைக் கவிழ்த்து மூடும் பெரிய மூங்கில் கூடை) இரண்டு: ஒன்று தாயையும் குஞ்சுகளையும் கவிழ்க்க, மற்றொன்று புதிதாக வந்த கோழியையோ நோயுற்றதையோ தனியே வைக்க. அடைக்கு ஒன்றேகால் அடி வாயகலமுள்ள ஒரு மூங்கில் கூடை, ஆற்று மணல், காய்ந்த வைக்கோல், அடுப்புச் சாம்பல். குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கக் கொட்டாங்கச்சிகள். ஒரு டார்ச் விளக்கு, பென்சில், தினசரி நாட்காட்டி. இவற்றோடு, அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஒருமுறை நேரில் சென்று கோழிகளுக்கு எந்த நாளில் தடுப்பூசி போடுகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. எந்தக் கோழி, எங்கிருந்து

அடைகாத்துக் குஞ்சு பொரிக்க வேண்டும் என்றால் சிறுவிடை என்னும் நாட்டு இனப் பெட்டையே நல்லது. உடல் சிறியது, முட்டையும் சிறியது. ஆனால் அடையில் உறுதியாக உட்காரும், குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காக்கத் தெரியும். கூடுதல் முட்டைக்காகவும் எடைக்காகவும் உருவாக்கப்பட்ட வனராஜா, கிராமப்பிரியா போன்ற ரகங்கள் முட்டைக்கு நல்லவை, ஆனால் அடைக்கு அவற்றை நம்ப முடியாது. தெருவில் சாயம் தோய்த்து விற்கும் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் கழிக்கப்பட்ட சேவல் குஞ்சுகள். அவற்றை வாங்கிவிட்டு முட்டைக்குக் காத்திருப்பது வீண்.

முட்டையிடத் தொடங்கிய அல்லது ஒருமுறை அடைகாத்த மூன்று பெட்டைகளும் ஒரு சேவலும் தொடக்கத்துக்குப் போதும். ஒரு சேவல் எட்டுப் பெட்டைகள் வரை அணையும் என்பதால், பிறகு எண்ணிக்கை கூடும்போதும் இரண்டாவது சேவல் தேவைப்படாது. இரண்டு சேவல்கள் சிறிய இடத்தில் சண்டையிடுவதிலேயே பொழுதைக் கழிக்கும்.

கோழியைத் தெரிந்த வீட்டிலிருந்து வாங்குங்கள். சந்தையில் வாங்கினால், எவ்வளவு சுறுசுறுப்பாகத் தெரிந்தாலும், 21 நாட்கள் மற்றக் கோழிகளிடமிருந்து விலகிய இடத்தில், தனித் தண்ணீர், தனித் தீனியோடு பஞ்சாரத்தில் வையுங்கள். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோயின் கிருமி உடலில் புகுந்து நோயாக வெளிப்படச் சாதாரணமாக ஐந்தாறு நாட்களும், சில சமயம் இரண்டு வாரமும் ஆகும். அதுவரை கோழி நலமாகவே தோன்றும். எங்கள் மூன்றாவது ஆண்டில், வாரச்சந்தையிலிருந்து கருத்த பெட்டை ஒன்றை வாங்கி வந்து, அன்று மழை பெய்ததால் இரக்கப்பட்டு மற்றவற்றோடு கூட்டில் விட்டேன். ஆறாம் நாள் அது பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கழுத்தைத் திருகிக்கொண்டு கிடந்தது. அடுத்த பத்து நாட்களில் பதினொன்றில் ஒன்பது போயிற்று. கூடு காலியானதும் கிருமிநாசினி அடித்து, இரண்டு மாதம் வெறுமையாகவே விட்டு வைத்திருந்தோம்.

5. அடைக்கு முட்டை சேர்த்தல்

நாட்டுப் பெட்டை ஒரு சுற்றில் பத்து முதல் பதினைந்து முட்டைகள் வரை இட்டுவிட்டு அடைக்கு வரும். இடும் முட்டையை அன்றன்றே எடுத்து, அதன் மேல் பென்சிலால் தேதியைக் குறித்து வையுங்கள். எல்லாவற்றையும் எடுத்துவிடாமல், பெட்டியில் பழைய முட்டை ஒன்றை மட்டும் அடையாளமிட்டு விட்டு வைத்தால் கோழி இடத்தை மாற்றாது. அப்படிச் செய்யாதவர்கள் பின்னர் விறகுக் குவியலுக்குள் முட்டையைத் தேட நேரும்.

ஏழு நாட்களுக்கு மேல் பழையதான முட்டையை அடைக்கு எடுக்க வேண்டாம். கோடையில் ஐந்து நாட்களே அதிகம். நாள் ஏற ஏறப் பொரிக்கும் வாய்ப்புக் குறைகிறது. முட்டைகளை உமி நிரப்பிய மண்சட்டியில் கூர்முனை கீழே இருக்கும்படி செருகி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். அகன்ற முனையில்தான் காற்றறை இருக்கிறது. அது மேலே இருப்பதே கருவுக்கு ஏற்றது. வெயில் கடுமையான நாட்களில் சட்டியை ஈரமணலின் மேல் வைத்தால் சூடு ஏறாது.

புதியவர்கள் இங்கே இரண்டு தவறுகளைச் செய்கிறார்கள். ஒன்று, அழுக்காக இருக்கிறதே என்று முட்டையைக் கழுவுவது. ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது. கழுவினால் அது போய், ஓட்டின் நுண்துளைகள் வழியே கிருமி உள்ளே சென்று முட்டை அழுகும். எச்சம் அப்பியிருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள், மிகவும் அழுக்கானதைச் சமையலுக்கு அனுப்புங்கள். மற்றொன்று, ஃப்ரிட்ஜில் வைத்த முட்டையை அடைக்கு எடுப்பது. அந்தக் குளிர் கருவுக்கு ஆகாது.

மிகப் பெரியது, மிகச் சிறியது, நீண்டு கோணலானது, ஓடு மெலிந்தது ஆகியவற்றை ஒதுக்குங்கள். இரண்டு முட்டைகளை மெல்லத் தட்டினால் நல்லவை கணீரென்று ஒலிக்கும். மயிரிழை விரிசல் உள்ளது மந்தமாக ஒலிக்கும்.

6. அடை வைத்தல்

முதலில் காலத்தைப் பாருங்கள். மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை வைக்கும் அடையே தமிழகத்தில் நன்றாகத் தேறுகிறது; குஞ்சுகளுக்குக் கோடை உச்சத்துக்குள் இறகு முளைத்துவிடும். சித்திரை வெயிலில் கூமுட்டை மிகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பொரிப்பது ஒழுங்காக நடந்தாலும், ஈரத்தில் குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும். அதோடு உங்கள் வீட்டு நாட்காட்டியையும் பாருங்கள். இருபதாம் நாளிலிருந்து நான்கு நாட்கள் வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும். அந்தத் தேதியில் உறவில் திருமணம் இருந்தால் அடையை ஒரு வாரம் தள்ளுங்கள்.

அடைக்கு வந்த கோழியை எளிதில் அறியலாம். பெட்டியை விட்டு எழாது. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். கேறுவதை நிறுத்திவிட்டு, தொண்டைக்குள்ளிருந்து விட்டுவிட்டு ஓர் ஒலி எழுப்பும். நெஞ்சுப் பக்கம் இறகு உதிர்ந்து தோல் தெரியும். உடல் சூடு நேரே முட்டையில் படுவதற்கான ஏற்பாடு அது. இந்த அடையாளங்கள் தெரிந்த உடனே நல்ல முட்டைகளை வைத்துவிடாமல், பழைய முட்டைகள் இரண்டின் மேல் இரண்டு இரவுகள் உட்காரவிட்டுப் பாருங்கள். மூன்றாம் நாளும் எழாமல் இருந்தால் அதை நம்பலாம்.

அடை வைக்கும் முன் கோழியின் இறக்கை அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் பேன் இருக்கிறதா என்று இறகை விலக்கிப் பாருங்கள். பேன் அரிக்கும் கோழி மூன்று வாரம் உட்காராது. பாதியில் எழுந்து போய்விடும். சாம்பலும் மணலும் கலந்த குழியில் அது புரண்டு குளிக்க இரண்டு நாள் விடுங்கள். பேன் மிகுதியாக இருந்தால் மருந்தகத்தில் கேட்டு அதற்குரிய பொடியைத் தடவுங்கள்.

கூடையின் அடியில் சாக்கு விரித்து, இரண்டு அங்குல உயரத்துக்குச் சாம்பல் கலந்த ஆற்று மணலைப் பரப்பி, நடுவில் கையால் அழுத்தி ஆழமில்லாத தட்டுப்போல் குழியாக்குங்கள். அதன் மேல் வைக்கோலைக் கசக்கிப் போட்டு, வேப்பிலைக் கொத்து ஒன்றை ஓரத்தில் செருகுங்கள். குழி இல்லாவிட்டால் முட்டைகள் விளிம்புக்கு உருண்டு குளிர்ந்துவிடும். குழி ஆழமாகிவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உடையும். எங்கள் மாமியார் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் மூன்றையும் வைக்கோலுக்கு அடியில் வைக்காமல் அடை வைக்க விடமாட்டார். இடி இடித்தால் முட்டை கலங்காது என்பது அவர் கணக்கு. வைத்தும் வைக்காமலும் எனக்குப் பொரித்திருக்கிறது. வைப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை, வீட்டில் சண்டையும் இல்லை.

முட்டைகளின் எண்ணிக்கை கோழியின் உடலைப் பொறுத்தது. சிறுவிடைக்கு ஒன்பது, பருத்த கோழிக்குப் பதினொன்று அல்லது பதின்மூன்று. கோழி உட்கார்ந்த பிறகு எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு முட்டைகூடக் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பதே சரியான அளவுகோல். பதினெட்டு வைத்தால் பதினெட்டும் மாறிமாறி ஓரத்துக்கு வந்து குளிரும் என்பதால், கடைசியில் ஐந்துதான் பொரிக்கும்.

இரவில், விளக்கில்லாமல், கோழியைத் தூக்கி வந்து உட்கார வையுங்கள். பகலில் இடம் மாற்றினால் பழைய பெட்டியைத் தேடி ஓடும். கூடை இருக்கும் இடம் மற்றக் கோழிகள் வராத, நாய் நடமாடாத, மங்கலான மூலையாக இருக்கட்டும். மற்றப் பெட்டைகள் வந்துபோகும் இடத்தில் வைத்தால் அவை இதே கூடையில் புதிய முட்டைகளை இட்டுவிடும். சில குஞ்சு பொரிக்கும்போது சில பத்து நாள் கருவாக இருக்கும், தாய் குஞ்சுகளோடு எழுந்து போய்விடும். எல்லா முட்டைகளையும் ஒரே நாளில் வைக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். அன்றைய தேதியையும், அதிலிருந்து ஏழு, பதினான்கு, இருபத்தொன்றாம் நாட்களையும் நாட்காட்டியில் வட்டமிடுங்கள்.

அடைக்கோழி நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் எழுந்து தின்று, குடித்து, எச்சமிட்டுத் திரும்பும். கம்பு, சோளம், நெல் போன்ற முழுத் தானியத்தையும் தண்ணீரையும் கூடையிலிருந்து நாலைந்து அடி தள்ளி வையுங்கள். சோற்றுப் பருக்கையும் ஈரத்தவிடும் கொடுத்தால் கழிச்சல் இளகிக் கூடையையே நனைத்துவிடும். சில கோழிகள் இரண்டு நாட்களானாலும் எழுவதில்லை. அவற்றின் இறக்கைக்கு அடியில் முட்டை ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, மெல்லத் தூக்கித் தீனியின் அருகில் விடுங்கள். முட்டையைத் திருப்பிவிடும் வேலையைக் கோழியே செய்துகொள்ளும், நீங்கள் தொட வேண்டியதில்லை.

7. ஏழாம் நாள் வெளிச்சம் பார்த்தல்

இரவில் அறையை இருட்டாக்கி, டார்ச்சின் முகத்தைக் கையால் குவித்து, முட்டையின் அகன்ற முனையை அதன் மேல் வையுங்கள். உள்ளே சிலந்தி வலைபோல் சிவந்த நரம்புகளும் நடுவில் ஒரு கரும்புள்ளியும் தெரிந்தால் கரு வளர்கிறது. ஒன்றும் தெரியாமல் மஞ்சளாகத் தெளிந்திருந்தால் அது கருக்கூடாத முட்டை. நரம்பில்லாமல் சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. கருக்கூடாதவற்றையும் இறந்தவற்றையும் எடுத்துவிடுங்கள். வெப்பத்தில் அழுகி வெடித்தால் நாற்றத்தோடு கிருமியும் நல்ல முட்டைகளின் மேல் படியும்.

பழுப்பு நிற ஓட்டில் முதல் முறை பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரியாது. ஐயமாக இருந்தால் பதினான்காம் நாள் மறுபடியும் பாருங்கள். அப்போது காற்றறை தவிர மற்றதெல்லாம் இருண்டிருக்க வேண்டும். குழந்தைகளை இந்த இரவுகளில் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுக்குள் கரு அசைவதைப் பார்த்த பிள்ளை, பிறகு கூடையின் பக்கம் பந்து விளையாடாது.

8. பொரிக்கும் நாட்கள்

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடாதீர்கள். இருபதாம் நாள் காதை வைத்துக் கேட்டால் உள்ளே கீச்சொலி கேட்கும், ஓட்டில் சிறு விரிசல் விழும். விரிசலிலிருந்து குஞ்சு முழுதாக வெளிவர 12 மணி நேரமோ 24 மணி நேரமோ ஆகலாம். புதியவர்கள் மிகுதியாகக் குஞ்சை இழப்பது இந்த இடைவெளியில்தான். பாவம், தவிக்கிறதே என்று ஓட்டை உரித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் ஓட்டின் உட்சவ்வில் இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். மஞ்சள்கரு முழுவதும் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டிருக்காது. உரித்த குஞ்சு ரத்தம் கசிந்து இறக்கும்.

முதல் குஞ்சு வந்ததும் தீனி வைக்க அவசரப்பட வேண்டாம். வயிற்றுக்குள் போன மஞ்சள்கரு இரண்டு நாட்களுக்குப் போதும். தீனியைக் கண்டு தாய் எழுந்தால் கடைசி முட்டைகள் குளிர்ந்துவிடும். வெறும் ஓடுகளை மட்டும் அவ்வப்போது எடுத்துவிடுங்கள். மற்ற முட்டையின் மேல் தொப்பிபோல் கவிழ்ந்துகொண்டால் உள்ளிருக்கும் குஞ்சு வெளிவர முடியாது.

இனி எறும்பு. ஈரக்குஞ்சின் வாடைக்கும் ஓட்டில் ஒட்டிய நீருக்கும் எறும்பு சாரைசாரையாக வரும். விரிசல் விட்ட முட்டைக்குள் புகுந்து குஞ்சைக் கொன்றுவிடும். இரண்டாவது படியில் சொன்ன டப்பாக்களைப்போல், அடைக்கூடையையும் நீர் நிற்கும் தாம்பாளத்தின் நடுவே ஒரு செங்கல்லின் மேல் வையுங்கள். எறும்புப் பொடியைக் கூடைக்கு அருகில் தூவாதீர்கள், குஞ்சு அதையும் கொத்தும்.

இருபத்து மூன்றாம் நாளுக்கும் பொரிக்காதவற்றைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். ஒன்பதில் ஏழு பொரித்தால் அது நல்ல அடை.

9. முதல் இரண்டு வாரம்

தாயையும் குஞ்சுகளையும் காய்ந்த தரையில் பஞ்சாரத்துக்குள் விடுங்கள். முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறையலாம். தாய் இருக்கும்போது இதற்கு மின்விளக்கு வேண்டாம். அதன் இறக்கைக்குள் போய் வெப்பம் ஏற்றிக்கொள்ளும்.

தண்ணீரைக் கொட்டாங்கச்சியில், உள்ளே சில கூழாங்கற்கள் போட்டு வையுங்கள். அகன்ற கிண்ணத்தில் வைத்தால் குஞ்சு உள்ளே விழுந்து மூழ்கும், அல்லது நனைந்து குளிரில் சாகும். முதல் நாள் தண்ணீரில் சிறிது கருப்பட்டி கரைத்துக் கொடுப்பது வழக்கம். ஒரு நாளுக்கு மேல் கொடுத்தால் புளித்து எறும்பைக் கூட்டும். தீனிக்கு அரிசிக் குருணையும் உடைத்த கம்பும் மட்டும் போதாது, வளரும் உடலுக்குப் புரதம் வேண்டும். குஞ்சுத் தீவனம் வாங்கிக் கலந்து கொடுங்கள், அல்லது கரையான் பிடியுங்கள். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு திணித்து, நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை பானைக்குள் கரையான் நிறைந்திருக்கும். குஞ்சுகள் அதை நோக்கி ஓடும் வேகத்தைப் பார்த்தால் தீவனக் கடைக்குப் போக மனம் வராது.

ஊறுகாய், உப்புக் கருவாடு, பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு ஆகியவற்றைப் போடாதீர்கள். உப்பு குஞ்சைக் கொல்லும். பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வீட்டில் எலி மருந்து வைக்கும் பழக்கம் இருந்தால் அதைக் கோழி வந்த நாளிலேயே நிறுத்த வேண்டும்.

10. தடுப்பூசி

நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்ற பேச்சை நம்பி இந்தப் படியைத் தாண்டியவர்கள் எல்லோரும், ஓராண்டிலோ மூன்றாண்டிலோ, ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் இழந்திருக்கிறார்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு மருத்துவம் இல்லை, தடுப்பு மட்டுமே உண்டு.

5 முதல் 7 நாள் வயதில் எஃப்-1 அல்லது லசோட்டா தடுப்பு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும். சொட்டு விட்டதும் குஞ்சைக் கீழே விட்டுவிடாமல், அது கண் சிமிட்டி மருந்து உள்ளே போகும் வரை பிடித்திருங்கள். நான்காம் வாரம் லசோட்டாவைக் குடிநீரில் கொடுக்கலாம். அந்த மருந்தில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள கிருமி; குழாய் நீரில் உள்ள குளோரின் அதைக் கொன்றுவிடும் என்பதால், கிணற்று நீரையோ கொதிக்கவைத்து ஆறிய நீரையோ எடுத்து, லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்து, அதில் மருந்தைச் சேர்த்து, அதற்கு முன் இரண்டு மணி நேரம் குஞ்சுகளைத் தாகத்தோடு வைத்திருந்து கொடுக்க வேண்டும். எட்டாவது வாரம் இறக்கையில் ஊசியாகப் போடும் மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் போட்டுக்கொள்ளுங்கள். தமிழகத்தில் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சலின் மற்றொரு பெயர்) தடுப்பூசி முகாம்களை நடத்துகிறது. எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு அங்கே இலவசமாகப் போடுவார்கள்.

மருந்துக் கடையில் வாங்கினால், ஐஸ் வைத்த ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்து, கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஒரு குப்பியில் நூறு கோழிகளுக்கான மருந்து இருக்கும், உங்களிடம் ஏழு குஞ்சுகள் இருக்கும். மிச்சத்தை எடுத்து வைப்பதால் பயனில்லை. தெருவில் கோழி வளர்க்கும் எல்லோரும் ஒரே நாளில் கூடிப் போட்டுக்கொள்வதே செலவுக்கும் நல்லது, நோய்க்கும் நல்லது. பக்கத்து வீட்டுக் கோழிக்கு வந்தால் உங்கள் வீட்டுக்கு வர மதில் தடையில்லை. நோயுற்ற கோழிக்குத் தடுப்பூசி போடக் கூடாது.

கோழி அம்மைக்கு ஆறு, ஏழு வார வயதில் தனி ஊசி உண்டு. குடற்புழு மருந்தை எட்டாம் வாரத்தில் தொடங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதை நாங்களும் செய்கிறோம். அது தடுப்பூசிக்குத் துணையாக இருக்கட்டும், தடுப்பூசிக்குப் பதிலாகக் கொடுக்க வேண்டாம்.

11. மேய விடுதல்

மூன்றாம் வாரத்தில், காலை வெயில் ஏறிப் பனி காய்ந்த பிறகு ஒரு மணி நேரம் விட்டுத் தொடங்குங்கள். காகம் இரண்டு வாரக் குஞ்சு வரை தூக்கும்; பருந்தும் வல்லூறும் ஒரு மாதக் குஞ்சையும் தூக்கும். முற்றத்தில் ஒதுங்க மறைவு இல்லையென்றால், பழைய ஓலைத் தட்டியை இரண்டு செங்கற்களின் மேல் சாய்த்து வையுங்கள். தாய் எச்சரிக்கை ஒலி எழுப்பியதும் குஞ்சுகள் அதற்குள் மறைந்துவிடும். வீட்டு நாயைக் கோழிகளுக்கு முன்னால் கட்டி வைத்துப் பத்து நாள் பழக்கிய பிறகே அவிழ்த்துவிட வேண்டும்.

மாலை எண்ணிக்கையை ஒரே ஆள் எண்ணட்டும். இருவர் எண்ணும் வீட்டில் ஒவ்வொருவரும் மற்றவர் எண்ணியதாக நினைத்துக்கொள்வார்கள்.

12. தாயைப் பிரித்தல்

எட்டாவது வாரத்தில் குஞ்சுகளுக்கு முழு இறகு வந்துவிடும். தாயே கொத்தி விரட்டத் தொடங்கும். அதற்குமேல் சேர்த்து வைத்தால் அது முட்டைக்கு வரத் தாமதமாகும். இரவில் தாயைப் பெரிய கூட்டுக்கு மாற்றி, குஞ்சுகளை அவற்றுக்குப் பழகிய இடத்திலேயே விடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் இடம் மாற்றினால் குஞ்சுகள் ஒரு மூலையில் குவிந்து நெரிபடும்.

சில வாரங்களில் அந்தப் பெட்டை மீண்டும் முட்டையிட்டு மறுபடியும் அடைக்கு வரும். உடனே அடுத்த அடை வைக்காமல் ஒரு சுற்று முட்டையை எடுத்துக்கொண்டு உடம்பு தேறவிடுங்கள். அடையைக் கலைக்க மூக்கில் இறகைச் செருகுவதும் தண்ணீரில் முக்குவதும் வேண்டாம். அடிப்பக்கம் கம்பிவலை உள்ள கூண்டில், வைக்கோல் போடாமல், தீனியும் தண்ணீரும் வைத்து நான்கு நாள் விட்டால் வயிற்றில் காற்றுப்பட்டுச் சூடு தணிந்து தானாகவே தெளிந்துவிடும்.

ஐந்தாம் மாதத்தில் இளஞ்சேவல்கள் உடைந்த குரலில் கூவத் தொடங்கும், தங்களுக்குள் கொண்டையைக் கிழித்துக்கொள்ளும். முதல் படியில் எடுத்த முடிவை அப்போது நிறைவேற்ற வேண்டும். அந்த வாரம் எங்கள் வீட்டில் இளையவள் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள்.